வான் டாமா, வான் ஜான்சனா?

குடமுருட்டிக்காரன்:
அரசலாற்றங்கரை அண்ணன் நேற்று இங்கே எழுதிய ஒரு வாக்கியம் இரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "வயதான சண்டை நடிகர் தன்னையே கேலி செய்து நடிப்பது, நொடித்துப்போன மிராசுதார் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை எடுத்து விற்பதற்குச் சமம்" என்று, ழான் கிளோட் வான் டாம் நடித்த அமேசான் தொடரைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அந்தத் தொடரை முழுவதும் பார்த்தவர் எவரும் இப்படி எழுதமாட்டார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 'ழான் கிளோட் வான் ஜான்சன்' என்பது தொடரின் பெயர். 2016 ஆகஸ்டில் முதல் பகுதியை மட்டும் வெளியிட்டார்கள். முழுத் தொடரும் 2017 டிசம்பர் 15 அன்று வந்தது. மொத்தமே 6 பகுதிகள்தான். அதில் வான் டாம், ஓய்வுபெற்ற நட்சத்திரமான வான் டாமாகவே வருகிறார். அவர் நடித்த படங்கள் எல்லாம் ஒரு மறைப்பு என்றும், படப்பிடிப்பு என்ற பெயரில் நாடு நாடாகப் போய் ஜான்சன் என்ற புனைபெயரில் உளவு வேலை பார்த்தவர் அவர் என்றும் கதை கட்டியிருக்கிறார்கள். பழைய காதலியை மறுபடி சந்தித்ததும் வேலைக்குத் திரும்புகிறார். மார்க் ட்வெயின் எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் கதையைச் சண்டைப் படமாக எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு பல்கேரியாவுக்குப் போகிறார். போன பிறகுதான் உடம்பு முன்போலத் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று அவருக்குப் புரிகிறது. முழுத் தொடர் வந்தபோது வான் டாமுக்கு வயது 57.

இதை அண்டா விற்கும் கதை என்று சொல்ல எப்படி மனம் வந்தது? எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில், டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்துத் தெருவில் வைத்து வான் டாமின் 'பிளட்ஸ்போர்ட்' படத்தைப் போட்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் களத்துமேட்டில் வைக்கோலைப் பரப்பி, அவரைப் போல இரு கால்களையும் இரு பக்கமும் நீட்டித் தரையோடு தரையாக உட்காரப் பார்த்தோம். தொடைத் தசை பிடித்துக்கொண்டு நான் ஒரு வாரம் நொண்டினேன். ஆச்சி தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். கால்களை அப்படி விரிப்பதற்கு எத்தனை வருட உழைப்பு வேண்டும் என்பதை அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். அந்த உழைப்பை உலகமே அறிந்த பிறகு, "இப்போது என்னால் முடியவில்லை" என்று தன் பெயரிலேயே காட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

அரசலாற்றங்கரை:
தம்பி இவ்வளவு நீளமாக எழுதியிருப்பதில் நான் ஒரு சொல்லை மட்டும் தேடினேன்: தலைப்பு. தலைப்பில் இருப்பது ஜான்சன். தன் பெயரிலேயே காட்டினார் என்கிறீர்கள். தன் பெயரில் பாதியை எடுத்துவிட்டு வேறொரு பெயரை ஒட்டவைத்துக்கொண்டுதானே காட்டினார்? வேறு பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு கேலி செய்வதற்கு என்ன துணிவு வேண்டும்?

உண்மையில் தன்னைத் திறந்து காட்டிய படம் 2008இல் வந்தது. மப்ரூக் எல் மெக்ரி இயக்கிய அந்தப் படத்துக்குத் தலைப்பே அவருடைய பெயரின் நான்கு முதலெழுத்துகள்தான். பிரஸ்ஸல்ஸ் அஞ்சலகத்தில் கொள்ளையர்களிடம் மாட்டிக்கொள்ளும் நடிகனாக வந்து, படத்தின் நடுவில் காட்சியை விட்டு மேலே உயர்ந்து, கேமராவைப் பார்த்துப் பல நிமிடங்கள் இடைவெட்டே இல்லாமல் தன் வாழ்வைப் பற்றிப் பேசி அழுதார். மகளின் பொறுப்புக்காக நீதிமன்றத்தில் நிற்கும் தந்தையாகவும், தன் குடுமியை வெட்டிக்கொள்ளச் சம்மதித்த இன்னொரு சண்டை நடிகர் ஸ்டீவன் சீகலிடம் பட வாய்ப்பை இழக்கும் நடிகனாகவும் அவர் அதில் வந்தார். நான் அதைப் பிரெஞ்சு ஒலியிலேயே பார்த்தவன். அதைப் பார்த்த கண்ணுக்கு இந்தத் தொடர் வெறும் தின்பண்டம்.

குடமுருட்டிக்காரன்:
2008 படத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அஞ்சலகக் கொள்ளையும் கற்பனைதானே? கற்பனைக்குள் நின்று அழுதால் அது உண்மை, கற்பனைக்குள் நின்று சிரிக்க வைத்தால் அது பொய் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? தொடரில் அந்த மனிதரை எல்லோரும் வான் டாம் என்றுதான் அறிகிறார்கள். ஜான்சன் என்பது உளவு வேலைக்கான புனைபெயர். அவருடைய முகவராக வரும் ஃபிலிசியா ரஷாட், திரைப்பட முகவராகவும் உளவுப் பொறுப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். வெளியே வான் டாம், வேலையில் ஜான்சன் என்ற இந்த இரட்டை ஏற்பாடுதான் தொடரின் அச்சாணி. முதல் பகுதியைப் பொறுமையாகப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அரசலாற்றங்கரை:
முதல் பகுதியைப் பார்த்தேன். தலைப்பையும் பார்த்தேன். தலைப்பில் ஜான்சன் என்று இருக்கிறது.

மெலட்டூர்வாசி:
பெயருக்கும் முகமூடிக்கும் இவ்வளவு சண்டை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன் தெருவில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கிறது. இரவில் முதலில் வருபவர் கோணங்கி. கூம்புக் குல்லா அணிந்து, ஆடிக் குதித்துச் சபையை அமைதிப்படுத்துபவர். விடியும் நேரத்தில் நரசிம்மர் வருகிறார். அந்த முகமூடிக்குப் பூசை உண்டு; அதை அணிபவர் அன்று விரதம் இருக்கிறார். முகமூடி போட்டுக்கொண்டார், அதனால் ஒளிந்துகொண்டார் என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. முகமூடி அணிந்தவன்தான் அதிகமாக வெளிப்படுகிறான். வான் டாமுக்கு ஜான்சன் என்ற பெயர் அப்படிப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரசலாற்றங்கரை:
மெலட்டூர்க்காரர்கள் எதைப் பேசினாலும் நரசிம்மரில் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம்தான். கோணங்கி தன்னைக் கேலி செய்துகொள்கிறாரா? இல்லை. அவர் கோணங்கி என்ற பாத்திரம். அவருடைய வீட்டுப் பெயரைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை. என் வாதத்துக்குத்தான் நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

மெலட்டூர்வாசி:
நான் சாட்சி சொல்ல வரவில்லை. நீங்கள் ஒரு முறையாவது அந்தத் தெருவில் விடியும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு கோணங்கியைப் பற்றிப் பேசுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
நான் தஞ்சாவூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பவள். நீங்கள் மூவரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வான் டாம் கராத்தே கற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். இளவயதில் பாலே நடனமும் பயின்றவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நடனம் பயின்ற உடம்பு விழும்போதும் தாளத்தோடுதான் விழும். தொடரில் அவர் தடுமாறும் இடங்களைப் பாருங்கள்: உதைக்கத் தூக்கிய கால் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், முகத்தில் வியப்பு எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியில் ஒழுங்காக உட்காரத் தெரியாதவளால், தெரியாததுபோல் நடிக்கவும் முடியாது. என் மாணவிகளிடம் நான் தினமும் சொல்வது இதைத்தான்.

எங்கள் கலையில் வயது ஏறும்போது தாளத்துக்கு ஆடும் நிருத்தத்தைக் குறைத்துக்கொண்டு, முகத்தாலும் கையாலும் பாவம் காட்டும் அபிநயத்துக்குள் போவோம். அறுபது வயதில் உட்கார்ந்தபடியே பதம் என்ற பாடல் ஒன்றுக்கு அபிநயம் பிடிப்பவரை, கால் போய்விட்டது என்று எவரும் இகழ்வதில்லை. இவர் செய்ததும் அதுதான். கால் பேசியதை இப்போது முகம் பேசுகிறது.

குடமுருட்டிக்காரன்:
அம்மா, நான் சொல்லத் தடுமாறியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பல்கேரியாவில் அவரைப் போலவே இருக்கும் ஃபிலிப் என்ற மனிதனையும் அவரே நடித்திருக்கிறார். 1991இல் 'டபுள் இம்பாக்ட்' படத்தில் இரட்டையர். 1996இல் 'மேக்சிமம் ரிஸ்க்' படத்தில் மறுபடியும் இரட்டையர். 2001இல் 'ரெப்ளிகன்ட்' படத்தில் கொலைகாரனும் அவனுடைய நகலும். இப்படித் தன்னைத் தானே எதிர்கொண்டு வந்த ஒருவர், தன் திரைவாழ்வின் அந்தப் பழைய வித்தையையே கேலிக்கு எடுக்கிறார். 1994இல் வந்த 'டைம்காப்' படத்தையும் விட்டுவைக்கவில்லை. காலப் பயணம் பற்றிப் பின்னால் வந்த படங்களைவிடத் தன் படமே சிறந்தது என்று அந்தப் பாத்திரம் பெருமை பேசும் இடத்தில், பெருமையும் கேலியும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்தத் தொடரை எழுதிய டேவிட் கலஹாம் 'தி எக்ஸ்பெண்டபிள்ஸ்' படத்துக்குக் கதை தந்தவர். பழைய சண்டை நட்சத்திரங்களின் நாடித்துடிப்பு தெரிந்தவர். அவருடைய பேனாவும் இவருடைய உடம்பும் சேர்ந்ததால்தான் இது தெருவோரக் கேலியாகத் தேய்ந்துவிடாமல் நின்றது.

அரசலாற்றங்கரை:
இப்போது வான் டாம், ஜான்சன், ஃபிலிப் என்று மூன்று பெயர் ஆகிவிட்டது. இந்த மூன்றில் எவரைக் கேலி செய்தார்? கேலிக்கு உள்ளாவது வான் டாம் என்றால் தலைப்பில் ஏன் ஜான்சன்? அம்மா சொன்ன அபிநயக் கணக்கை மதிக்கிறேன், ஆனால் பதம் பிடிப்பவர் பொய்ப் பெயரில் மேடை ஏறுவதில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தப் பாத்திரம் எத்தனை முறை தடுமாறினாலும் கடைசியில் சண்டையில் ஜெயிக்கிறது. ஜெயிப்பதற்காகத் தோற்பதுபோல் காட்டுவது கேலி ஆகாது, விளம்பரம் ஆகும். மக்களும் அதை உணர்ந்திருக்கிறார்கள். 2018 ஜனவரியிலேயே, முழுத் தொடர் வெளியாகி இரண்டு மாதம்கூட நிறைவடையும் முன், அடுத்த பருவம் (சீசன்) கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள்.

குடமுருட்டிக்காரன்:
நிறுத்தப்பட்டதை மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டால், ஒரே பருவத்தோடு நின்ற நல்ல தொடர்கள் அத்தனையையும் தூக்கி எறிய வேண்டியிருக்கும். அது வியாபாரக் கணக்கு. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

கடைசியில் ஜெயிக்கிறார் என்பதும் குற்றம் இல்லை. 57 வயதுக்காரர் ஆறு பகுதியும் அடிவாங்கிக்கொண்டே இருந்தால் அது இரக்கம் தேடும் நாடகம். தடுமாறி, வெட்கப்பட்டு, தன் பழைய படங்களின் பெயரையே சாக்காகப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு ஒரு உதையைச் சரியாகப் போடும்போதுதான் எனக்குள் இருந்த அந்தக் களத்துமேட்டுப் பையன் எழுந்து நிற்கிறான். இந்த உணர்ச்சியைத்தான் அண்ணன் பித்தளை அண்டா என்கிறார்.

இன்னும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். போன வருடம் இதே அண்ணன், 2012இல் வந்த 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' இரண்டாம் பாகத்தில் வான் டாம் நாயகன் ஸ்டாலோனின் பக்கம் நின்று சண்டை போட்டார் என்று அடித்துச் சொன்னார். அதில் அவர் வில்லன். பாத்திரத்தின் பெயரே விலான். அன்று நான் எடுத்துச் சொன்ன பிறகும் தவறு என்று ஒரு சொல் அவரிடமிருந்து வரவில்லை. அன்று பாத்திரத்தின் பெயரைக் கவனிக்காதவர், இன்று தலைப்பின் பெயரைப் பிடித்துத் தொங்குகிறார்.

அரசலாற்றங்கரை:
நான் அன்று பேசியது சுவரொட்டியைப் பற்றி. சுவரொட்டியில் எல்லோரும் சேர்ந்து நிற்பதைத்தான் சொன்னேன். என் சொல்லைத் திரித்துவிட்டு, ஒரு வருடம் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து இன்று அவிழ்ப்பவரிடம் நான் என்ன பேசுவது? உங்களைவிடப் பத்து வயது மூத்தவன் நான். கும்பகோணத்துத் திரையரங்குகளில் வான் டாம் படத்துக்கு வரிசையில் நின்று சீட்டு வாங்கியவன்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, சீட்டு வாங்கியதும் வயதும் இருக்கட்டும். அந்தத் தடுமாறும் காட்சிகளில் உடம்பு என்ன செய்கிறது என்று நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அரசலாற்றங்கரை:
உடம்பு வான் டாமுடையது. பெயர் ஜான்சனுடையது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

மெலட்டூர்வாசி:
கோணங்கியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் இன்னும் திருத்தம் வரவில்லை.

அரசலாற்றங்கரை:
வராது.

குடமுருட்டிக்காரன்:
ஆறு பகுதிகளையும் இன்று இரவு மறுபடி பார்க்கப் போகிறேன். அவரை வான் டாம் என்று அழைக்கும் இடங்களையும் ஜான்சன் என்று அழைக்கும் இடங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று நாளை காலை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டாவது அந்த அண்டா வாக்கியத்தை அண்ணன் திரும்பப் பெற வேண்டும்.

அரசலாற்றங்கரை:
எழுதுங்கள். தலைப்பிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.