ரப்பர் பால் நுரை உறைவதற்குள் குமிழிகள் பெருத்துவிடுகின்றன, உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகளின் படிவம் நான்கு அறிவியல் செயல்திட்டத்துக்காக, பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் டன்லப் முறையில் (பாலை நுரையாக அடித்து, அச்சில் ஊற்றி உறைய வைப்பது) ரப்பர் பால் நுரை செய்கிறார்கள். அச்சில் ஊற்றியபின் மேல்பாதியில் குமிழிகள் பெருத்துவிடுகின்றன, அடிப்பாகம் கெட்டியாகிவிடுகிறது.

சேர்ப்பவை: 60 விழுக்காட்டுச் செறிவுப் பால், நுரை நிற்க பொட்டாசியம் ஒலியேட் (ஒரு வகைச் சோப்பு), கந்தகம், துத்தநாக ஆக்சைடு, கடைசியில் உறைய வைக்க சோடியம் சிலிக்கோஃபுளோரைடு. அடிப்பது சாதாரண கேக் மிக்சரில். உறைய ஏறத்தாழ 15 நிமிடம் ஆகிறது.

வெட்டிப் பார்த்தால் கீழே உருண்டைக் குமிழிகள், மேலே பலமுக அறைகள். பெல்ஜிய அறிவியலாளர் ஜோசஃப் பிளாட்டோ 1873-ல் எழுதியபடியே மூன்று மூன்று சுவர்களாக 120 பாகையில் சந்திக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் திரவம் கீழே வடிந்துவிட்டது என்பதற்கும் அதுதான் அடையாளம். சுவர் மெலிந்ததும், அழுத்தம் கூடிய சிறு குமிழியின் காற்று பெரியதற்குள் போய்விடுகிறது.

பால் கெடாமலிருக்கச் சேர்த்திருக்கும் அம்மோனியா உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அது குறைய பாலைத் திறந்து வைத்துக் கிளறியாயிற்று. ஒலியேட்டைக் கூட்டினால் நுரை நிற்கிறது, ஆனால் உறைவது இன்னும் தாமதமாகிறது. முடிவில் மிக்சரை மெதுவாக ஓட்டினால் குமிழிகள் சிறிதாகின்றன. அப்புறம் அச்சில் நிற்கும்போதே மறுபடி பெரிதாகிவிடுகின்றன.

குமிழிகள் சிறிதாக இருக்கும்போதே உறைய வைக்க, சிலிக்கோஃபுளோரைடைக் கூட்ட வேண்டுமா, துத்தநாக ஆக்சைடையா?