புதுப்பிப்பு: 18 பேர், ஒரே லாரி, சண்டை வந்ததா?

நைரோபியிலிருந்து போட்ஸ்வானா வரை 18 பேர் ஒரே லாரியில் தரைவழியாகப் போகிறோம், சண்டை போடாமல் திரும்புவோமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, திரும்பிவிட்டோம். சண்டை வந்தது, ஆனால் பெரும்பாலும் சிரிப்பில்தான் முடிந்தது.

முதல் கூத்து தான்சானியாவில். சுவாஹிலியில் பகல் நேரத்தை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், நம் காலை 7 மணி அவர்களுக்கு ஒன்று. படகுக்காரர் 'சா டாட்டு' என்றதும், அகராதியைப் பார்த்து மூன்று மணி என்று முடிவு கட்டிய ஆறு பேர் நடுராத்திரி 3 மணிக்கே லைஃப் ஜாக்கெட்டோடு கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சொன்னபடி சரியாகக் காலை 9 மணிக்கு வந்தார். அப்புறம் மலாவி எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போக, இன்று சமையல் யார் முறை என்று மறுபடி வாக்குவாதம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது போட்ஸ்வானாதான். மாடுகளுக்குக் கோமாரி பரவாமல் இருக்க, சாவடியில் கிருமிநாசினியில் நனைத்த விரிப்பை மிதித்துத்தான் போகவேண்டும், பையில் இருக்கும் மற்ற செருப்பு, ஷூவையும் எடுத்து நனைக்கச் சொன்னார்கள். 'இவ்வளவு மூட்டை எதற்கு' என்று வழியெல்லாம் எங்களைக் கண்டித்த பெரியவரின் பையிலிருந்து ஏழு ஜோடி வந்தன! ஒவ்வொன்றுக்கும் கைதட்டினோம். ஏழாவது, சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த பளபள டான்ஸ் ஷூ. அதிகாரியே சிரித்துவிட்டார்.

கிளம்பப் போகிறவர்களுக்கு ஒன்று: சமையல் முறைப் பட்டியலை முதல் நாளே லாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.