குடம் நிறைந்தால்தான் ஆசிட் அலமாரி திறக்கும்: லேப் அனுபவங்களைப் பகிருங்கள்

என் மகள் இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் முடிந்து வீட்டுக்கு வந்தவள், இரண்டு விரல் நுனியில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருப்பதைக் காட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லையே அப்பா என்றாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சில்வர் நைட்ரேட். பாட்டிலின் வெளிப்பக்கம் வழிந்திருந்ததைக் கவனிக்காமல் பிடித்திருக்கிறாள். தோலில் பட்டு வெளிச்சமும் பட்டால் கறுத்துவிடும், மேல்தோல் உதிரும்போது தானாகப் போய்விடும். அதை அவளுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

நான் பிளஸ் டூ படித்தது ராதாபுரம் பக்கம். அந்தப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். லேப் தொட்டியில் குழாய் இருந்தது, திறந்தால் காற்றுதான் வரும். லேப் அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தார், நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பிராக்டிகல் இருக்கிற நாளெல்லாம் அடிபம்பில் தண்ணீர் அடித்து நான்கு பிளாஸ்டிக் குடங்களைச் சுமந்து வந்து வாசல் பக்கம் வரிசையாக வைப்பார். நாலும் நிறைகிற வரைக்கும் ஆசிட் அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து எடுக்க மாட்டார். நேரமாகிறது என்று சார் சொன்னாலும் அசைய மாட்டார். எங்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்றைக்கு உப்புப் பகுப்பாய்வு. நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க, உப்போடு செம்புத் துருவல் போட்டு, அடர் சல்ஃப்யூரிக் ஆசிட் விட்டுச் சூடாக்குவோமே, பழுப்புப் புகை வருமே, அந்தச் சோதனை. எல்லோரும் ஒழுங்காகச் செய்தோம், சார் பக்கத்திலேயே நின்றார். மணி அடித்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். என் பக்கத்தில் நின்ற பையன் கழுவி வைத்துவிடலாம் என்று அந்தச் சோதனைக் குழாயை எடுத்து அதற்குள் மக்கில் இருந்த தண்ணீரை ஊற்றினான். அடியில் ஆசிட் மிச்சம் இருந்தது, சூடும் ஆறவில்லை. படபடவென்று வெடித்துத் தெறித்தது. முன்கையிலும் சட்டையிலும் பட்டு அவன் அலறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தண்ணீரில் ஆசிட்டைத்தான் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும், பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். அடர் சல்ஃப்யூரிக் ஆசிட்டின் அடர்த்தி 1.84, தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஊற்றுகிற தண்ணீர் கலக்காமல் மேலேயே நிற்கும், இரண்டும் சேருகிற இடத்தில் கிளம்புகிற சூட்டில் அங்கேயே கொதித்து ஆசிட்டையும் சேர்த்து வெளியே வீசும். ஆனால் அந்த விதியைச் சோதனை செய்யும்போதுதான் நினைத்துப் பார்க்கிறோம். கழுவும்போது அதே காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி ஓடிவந்து அவன் சட்டையைக் கிழித்தே எடுத்துவிட்டு, கையை நீட்டச் சொல்லி மக்கால் ஊற்ற ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. ஒருவன் ஆப்பசோடா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான், “ஏலே, அதை அங்கன வை, தண்ணி கொண்டா” என்று விரட்டினார். தோலின் மேல் வைத்து ஆசிட்டைச் சமன்செய்யப் பார்த்தால் அதிலும் சூடு வரும், கழுவுகிற நேரமும் வீணாகும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு குடம் காலியானதும் நாங்கள் நாலு பேர் பம்புக்கு ஓடி அடித்துக் கொண்டுவந்தோம். அவன் வலி குறைந்துவிட்டது போதும் அண்ணாச்சி என்றான். “குறையட்டும், நீ கையை எடுக்காதே.” இருபது நிமிடம் ஊற்றிய பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இன்றைக்கு அவன் முன்கையில் நாலணா அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குடங்கள் இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள், மகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

*

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், வேதியியல் ஆசிரியை. நீங்கள் எழுதியதைப் படித்ததும், திரவத்தை அளந்து எடுக்கிற கண்ணாடிக் குழாயான பிப்பெட் ஞாபகம் வந்தது. நான் படித்த காலத்தில் வாயால் உறிஞ்சித்தான் 20 மில்லி எடுப்போம். ஒரு நாள் ஆக்சாலிக் ஆசிட் கரைசல் வாய்க்குள் வந்துவிட்டது. நான் பேராசையாக உறிஞ்சியதால் இல்லை. பீக்கரில் கரைசல் குறைந்துகொண்டே வந்ததைக் கவனிக்காமல், பிப்பெட்டின் நுனி திரவத்துக்கு மேலே வந்துவிட்டது. காற்று உள்ளே புகுந்ததும், ஏறிக்கொண்டிருந்த கரைசல் ஒரேயடியாக மேலே பாய்ந்தது. புளிப்பு, அப்புறம் நாக்கெல்லாம் ஒரு மாதிரி கரகரப்பு. உடனே துப்பிவிட்டுப் பல தடவை கொப்பளித்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது விஷம் என்று வீட்டுக்குப் போன பிறகு புத்தகத்தில் படித்து அழுதுவிட்டேன்.

இப்போது என் பிள்ளைகளிடம் ரப்பர் பல்ப் இல்லாமல் பிப்பெட்டைத் தொடவே விடுவதில்லை. பல்பு பழகுவதற்கு இரண்டு வாரம் ஆகும், அதுவரை வெறும் தண்ணீரை எடுத்து எடுத்துப் பழகட்டும், நேரம் போனால் போகட்டும். நுனி எப்போதும் திரவத்துக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும், குழாய்க்குள் திரவத்தின் மேற்பரப்பு வளைந்து நிற்கும், அந்த வளைவின் அடியைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும். பெர்மாங்கனேட் மட்டும் அடர்ந்த நிறம், அடிவளைவு தெரியாது, அதற்கு மேல் விளிம்பு. கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக்கூடாது, நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும், நுனியில் நிற்கிற அந்தத் துளியைக் கணக்கில் விட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பையும் சரியான ரீடிங்கையும் நான் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. நிதானமாக எடுக்கிற பிள்ளைக்கு இரண்டுமே வந்துவிடுகிறது.

*

அம்பாசமுத்திரம் பக்கம் நடுநிலைப் பள்ளியில் வேலை. எங்களிடம் பர்னர் கிடையாது, ஸ்பிரிட் விளக்குதான். அதில் ஒரு பெரிய ஆபத்து, பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஜன்னல் பக்கத்து மேசையில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண், விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து ஊற்றப் போனாள். நான் பார்த்துவிட்டேன், “ஏட்டி, கையை எடு!” என்று கத்தினேன், பிள்ளை பயந்து பாட்டிலோடு பின்னால் போய்விட்டது. ஒரு நொடி தாமதித்திருந்தால் சுடர் பாட்டிலுக்குள் ஏறியிருக்கும். அன்றிலிருந்து ஜன்னல் ஓரத்தில் விளக்கு வைப்பதில்லை. மூடியைப் போட்டுத்தான் அணைக்க வேண்டும், வாயால் ஊதக்கூடாது. ஸ்பிரிட் நிரப்புவது காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், நானே.

துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொண்டு வரச் சொல்கிறேன், சடையையும் தூக்கிக் கட்டச் சொல்கிறேன். சுட்ட இடத்தில் பேனா மையும் இட்லி மாவும் பூசுவது எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றினாலே போதும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கொக்கிரகுளத்து அறிவியல் மையத்துக்கு வருடாவருடம் கூட்டிப் போகிறோம், அங்கே எதை வேண்டுமானாலும் தொடலாம், அமுக்கலாம், சுற்றலாம். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்த வாரம் மட்டும் லேப்பில் கூடுதலாக ஒரு கண் வைத்திருப்பேன்.

*

தென்காசி. மாவட்டம் 2019இல் பிரிந்துவிட்டாலும் படித்தது நெல்லையில், அதனால் எழுதுகிறேன். லேப்பில் வாயு தயாரிக்கிற கிப் கருவியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் போய்விட்டது என்று நானும் இன்னொருவனும் அங்கேயே நின்று எழுதிக்கொண்டிருந்தோம், தலைவலியும் மயக்கமும் வந்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நாற்றம் போகவில்லை, எங்கள் மூக்குதான் மரத்துப்போயிருந்தது. அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மழுங்கடிக்கும். எதை மோந்து பார்த்தாலும் குழாயைத் தள்ளிப் பிடித்து, கையால் கொஞ்சமாக விசிறி மோந்து பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் லேப்பில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன், கவனித்ததில்லை என்றாள். நேற்றுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்: ஆறு குழாயில் இரண்டில்தான் வருகிறது, இரண்டுமே ஆசிட் அலமாரிக்கு எதிர்க் கோடியில், நடுவே மூன்று மேசை. திங்கள்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். பிளம்பர் வர நாளாகும் என்பார்கள். போகும்போது மூடி போட்ட இரண்டு பெரிய வாளியும் ஒரு மக்கும் வாங்கிக்கொண்டு போகிறேன்.