புதுப்பிப்பு: ஹீலியாஸ் லென்ஸ் மாட்டியாச்சு

பழைய சோவியத் ஹீலியாஸ் 44-2 லென்ஸ் என் சோனி மிரர்லெஸ் கேமராவில் வேலை செய்யுமா, பின்னணி நல்லா மங்குமா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. வேலை செய்கிறது, அருமையாக.

லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் அடாப்டர் வெறும் குழாய்தான், உள்ளே கண்ணாடி கிடையாது. இது எம்42 என்ற திருகு மவுண்ட் (கேமராவில் மாட்டும் பகுதி) லென்ஸ், அதற்கு சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தூரம் வேண்டும், சோனி மவுண்டில் 18 தான். மிச்சத்தைக் குழாய் நிரப்புகிறது. இந்த லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது, அதனால் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெங்களூரு கப்பன் பார்க் மூங்கில் பக்கம் அக்கா மகளை நிற்க வைத்து லென்ஸை முழுசாகத் திறந்து, எஃப்2-வில் எடுத்தேன். பின்னால் தள்ளி, இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாகத் தெரியும் இடம். நடுவில் உருண்டையாக இருக்கும் ஒளிப்பொட்டுகள் ஓரம் போகப்போகப் பூனைக்கண் மாதிரி ஒடுங்கி, அவள் முகத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. என்ன அழகு! வெறும் சுவர் முன்னால் இது வராது. பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமில்தான் முழுசாகத் தெரியும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் ஓரத்தை வெட்டிவிடும்.

ஃபோகஸுக்குப் பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதி) மட்டும் நம்பாதீர்கள். புருவத்தில் நிறம் காட்டும், கண் தப்பியிருக்கும். ஃபைண்டரில் பெரிதாக்கி, இமைமுடி தனித்தனியாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்புங்கள். "மாமா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள் பெண், படத்தைப் பார்த்ததும் இன்னொன்று எடுக்கச் சொன்னாள்.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனுக்கு லென்ஸின் குவியத் தூரம் 58 மி.மீ. என்று மெனுவில் நாமே கொடுக்கணும்.

வாங்கப் போகிறவர்கள் பின்பக்கம் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.