பஸ்கா விருந்தில் என்ன பேசுவது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் பஸ்கா என்ற எட்டு நாள் யூதப் பண்டிகையின் முதல் இரவு விருந்துக்கு (சேடர் என்கிறார்கள்) எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புளித்த மாவு மட்டுமல்ல, அரிசி, பருப்பையும் அந்த எட்டு நாள் தொடாத குடும்பம். ஆக, இட்லித் திட்டம் போச்சு!

சிக்கல் சாப்பாட்டில் இல்லை. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய கதையை ஹகாதாவிலிருந்து (சேடரில் வாசிக்கும் புத்தகம்) வாசித்த பிறகு, இன்றைக்கு விடுதலை என்றால் என்ன என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். எனக்கும் ஒரு முறை உண்டு.

‘ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர், தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும்’ என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளின் பெயர் சொல்லும்போது கோப்பையிலிருந்து பத்துத் துளி திராட்சை ரசத்தை விரலால் எடுத்துவிடுகிறார்கள். எதிரி பட்ட துன்பத்துக்காக நம் மகிழ்ச்சி குறையட்டும் என்பது பலரும் சொல்லும் விளக்கம். என்னை உலுக்கியது இதுதான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு சரியாக ஓராண்டில், 1969 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டனில் கறுப்பின மக்களும் யூதர்களும் சேர்ந்து ‘விடுதலை சேடர்’ நடத்தியிருக்கிறார்கள்.

செங்கல் சூளைக் கொத்தடிமைகளைப் பற்றிப் பேசலாமா? எகிப்து மன்னன் பார்வோனுக்கு யூதர்களின் முன்னோர் அறுத்ததும் செங்கல்தானே. இல்லை, அடுத்தவர் பண்டிகையில் நம் கதையைத் திணிப்பதாகிவிடுமா? சேடரில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்தக் கதை வரும் பைபிளின் யாத்திராகமம் 1, 5 அதிகாரங்களுக்கு எளிய தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தாலும் அனுப்புங்கள், அம்மாவும் வருகிறார்.