பூத்த நேரத்தில் உறைபனி: ஆப்பிளும் வால்நட்டும் பிழைக்குமா?

கேள்வி: வணக்கம். நேற்று விடியற்காலையில் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஆப்பிள் மரம் முழுதாகப் பூத்திருக்கிறது. வால்நட் துளிர்கள் கறுத்துத் தொங்குகின்றன. குளிர்காலத்தில் இதைவிடக் கடுங்குளிரைத் தாங்கிய மரங்கள், இப்போது மட்டும் ஏன் இப்படி? கருகிய நுனிகளை வெட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வெட்டவே வேண்டாம். எது செத்தது, எது பிழைத்தது என்று தெரியச் சில வாரங்கள் ஆகும். வால்நட்டில் உறங்கும் மொட்டுகளிலிருந்து மறுபடி துளிர் வரும். சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அது துளிர்க்கும் என்பதால், இந்தக் கோடையில் தண்ணீருக்குக் குறை வைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் உறங்கும் மொட்டில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம். பனிக்கட்டி செல்லுக்கு வெளியேதான் உருவாகும், உள்ளே சேதமில்லை. வெயில் வந்து மொட்டு விரிந்தால் திசுவில் தண்ணீர் நிறைந்துவிடும், அந்தத் தாங்கும் சக்தியும் போய்விடும்.

ஆப்பிளில் இதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூவை பிளேடால் நெடுக்காகப் பிளந்து, நடுவில் இருக்கும் சூலகத்தைப் பாருங்கள். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது. கறுத்திருந்தால் பெரும்பாலும் காய்க்காது. மரம் முழுதாகப் பூத்த நிலையில் மைனஸ் 2.2 டிகிரியில் சுமார் 10 சதவீதப் பூக்கள் சாகும், மைனஸ் 3.9-இல் 90 சதவீதம். உங்கள் மரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கேட்டவர்: பிளந்து பார்த்தேன். கீழ்க்கிளைகளில் பெரும்பாலும் கறுப்பு, உச்சியில் பாதிக்கு மேல் பச்சை! இந்த வாரமே இன்னொரு உறைபனி வருமாம். தண்ணீர் தெளிக்கலாமா?

பதில்: காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர் தரையோடு தேங்கும், அதனால்தான் உச்சி தப்பியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆப்பிளில் பத்துப் பூவுக்கு ஒன்று காய்த்தாலே மரம் நிறையும்.

இன்னொருவர்: தெளிப்பதை வீட்டு மரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிவரும், பூவைக் காப்பது அதுதான். ஆனால் காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிற்காமல் தெளிக்க வேண்டும். நடுவில் நின்றால் ஆவியாதலால் பூ இன்னும் குளிர்ந்துவிடும், சும்மா விட்டிருந்தாலே தேவலை என்றாகும்.

அதற்குப் பதிலாக, அடியில் மூடாக்கு (மண்ணை மூடிய வைக்கோல், சருகு) இருந்தால் விலக்கிவிட்டு, முந்தின நாளே மண்ணை நன்றாக நனையுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடும். மரம் சிறியது என்றால் பொழுது சாயும் முன்பே துணியால் தரைவரை மூடுங்கள். தண்டோடு சேர்த்துக் கட்டினால் மண்ணின் சூடு உள்ளே ஏறாது. அப்புறம், வெயில் வந்ததும் துணியை எடுத்துவிடுங்கள், தேனீ வர வேண்டும்.