கண் கிளினிக்கில் அசிஸ்டென்ட் எதுவரை செய்யலாம்? வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை, ஆப்டோமெட்ரிஸ்ட்:

பொள்ளாச்சி, கோவைப் பக்கம் படித்துவிட்டு கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்கா கிளினிக்குகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்க செஞ்சதை எல்லாம் இங்கயும் செய்யலாமா?"

முதலில் கையில் இருக்கும் சான்றிதழைப் பாருங்கள். இரண்டு வருட டிப்ளமோ என்றால் ஆப்தால்மிக் அசிஸ்டென்ட். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நான்கு வருடப் பட்டம் என்றால் ஆப்டோமெட்ரிஸ்ட். விஷன் சென்டர் என்னும் சிறு கண் பரிசோதனை மையத்தில் உட்காருபவர் விஷன் டெக்னீசியன். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் வந்த மத்திய சட்டம் இந்த மூவரையும் கண் பிரிவில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் படிப்பு நேரத்தை வைத்து இரண்டு தட்டாகப் பிரிக்கிறது: ஒன்றுக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், மற்றதற்கு 3,600. கண்ணாடிக் கடையில் ஆறு மாதம் பழகியவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். அவருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி சேரில் உட்கார வைப்பது நோயாளியை ஏமாற்றுவதுதான்.

கேரளத்தில் பாரா மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் கேட்பார்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், தங்கள் படிப்புக்கு அந்தப் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு சம்பளம் பேசுங்கள்.

பார்வை எடுப்பது, மெஷினில் கண்ணின் பவர் பார்க்கும் ஆட்டோ ரெஃப், கண்ணாடியின் பவர் பார்க்கும் லென்ஸோமீட்டர், காற்று ஊதிக் கண் பிரஷர் பார்க்கும் மெஷின், இரு கண்மணிக்கும் இடையே உள்ள தூரமான பி.டி. எல்லாம் அளந்து எழுதும் வேலை. இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு வருவது கண்மணியை விரிக்க விடும் சொட்டு மருந்தில்.

வேலந்தாவளம், கிளினிக் இன்சார்ஜ்:

அக்கா சொன்ன சொட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேனுங்க. கூட்டம் அதிகமான நாள்ல, டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் சொட்டு விட்டு வரிசையா உட்கார வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்குது. ஃபைல்ல டாக்டர் எழுதின உத்தரவு இல்லாம அசிஸ்டென்ட் அந்த பாட்டிலைத் தொடவே கூடாதுங்க.

காரணம் இருக்குது. நம்ம பக்கம் அதிகமா விடறது ட்ரோபிகாமைடு 0.8 சதம், ஃபினைல்எஃப்ரின் 5 சதம் சேர்ந்த சொட்டு. ஒரு சிலருக்குக் கண்ணோட முன்னறை குறுகலா இருக்கும். கண்மணி விரிஞ்சா, அதைச் சுத்தி இருக்கற கருவிழித்திரை ஓரத்துல ஒதுங்கி, நீர் வடியிற வழி அடைச்சுக்கும். பிரஷர் விர்ருனு ஏறும். சில மணி நேரம் கழிச்சு, வீட்டுல இருக்கறப்போ, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுத்தி வளையம். வீட்டுல பித்தம்னு நினைச்சு சுக்குக் கசாயம் வெச்சுக் கொடுத்துட்டு இருப்பாங்க. அங்க பார்வை போயிட்டு இருக்கும்.

அதனால உத்தரவு இருந்தாலும் முன்னாடி நாலு வேலை இருக்குது. பார்வை எழுதணும். பிரஷர் எழுதணும். டார்ச் அடிச்சு ரெண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குதான்னு பார்த்து எழுதணும், சொட்டு விட்டதுக்கு அப்புறம் அதைப் பார்க்கவே முடியாது. கடைசியா, டார்ச்சைக் காதுப் பக்கத்துப் பொட்டுல இருந்து கிடைமட்டமா அடிங்க. கருவிழித்திரை மூக்குப் பக்கம் வரைக்கும் வெளிச்சமா இருந்தா சரி. மூக்குப் பக்கம் நிழல் விழுந்தா பாட்டிலை மூடிட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.

ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உண்டான்னு கேக்கணும், ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏத்தும். சொட்டு விட்ட கையோட மூக்கோரக் கண் மூலையை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா மருந்து ரத்தத்துல கலக்கறது குறையும். எத்தனை மணிக்கு எந்தக் கண்ணுல விட்டதுன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. நாலிலிருந்து ஆறு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வண்டி ஓட்டக் கூடாது, வலி வந்தா உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு சீட்டுல தமிழ்லயே எழுதிக் கொடுங்க. இங்க பெரியவங்க நிறைய பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

வாளையார், கண்ணாடிக் கடை:

லாரி டிரைவர்கள் படிவம் 1ஏ-வைக் கொண்டுவந்து "ஒரு கையெழுத்துதானே அண்ணா" என்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், சரக்கு வண்டி லைசென்ஸ் எடுப்பவர்களுக்கும் வேண்டிய மருத்துவச் சான்று அது. பதிவு பெற்ற டாக்டர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்டும் போட முடியாது, அசிஸ்டென்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பார்வையை அளந்து தனித்தாளில் எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நிறப் பார்வைக்கு இஷிஹாரா புத்தகத்தை மஞ்சள் பல்பின் கீழ் காட்டாதீர்கள், தப்பான பதில் வரும். பகல் வெளிச்சம், முக்கால் மீட்டர் தூரம், ஒரு தாளுக்கு மூன்று விநாடி. மோட்டார் வாகன விதிகளில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவருக்கும் லைசென்ஸ் உண்டு. அது எந்த அளவு என்று சொல்ல அந்தப் புத்தகம் போதாது, கண் டாக்டரிடம் அனுப்புங்கள். "ஃபெயில்" என்று எழுதி ஒருவர் பிழைப்பில் கை வைக்க நமக்கு அதிகாரம் கிடையாது.

செங்கோட்டை, ஆபரேஷன் பிரிவு:

அளக்கும் வேலைதானே என்று, கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேனையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உள்ளே வைக்கும் லென்ஸில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் மாறிப்போகும். கண்ணில் வைக்கும் முனையை (புரோப்) அழுத்தினால் முன்பக்கக் கருவிழி அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும், லென்ஸ் பவர் கூடிவிடும், ஆபரேஷனுக்குப் பின் தூரத்துப் பார்வை மங்கும். கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரை முதலில் முடியுங்கள். மரப்புச் சொட்டு விட்டு கருவிழியைத் தொட்ட பிறகு எடுத்த அளவு நம்பத்தக்கதல்ல. இரு கண்ணுக்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுத்து, டாக்டரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, ஆப்டோமெட்ரிஸ்ட்:

ஒன்று விட்டுப்போனது. கதிரறுப்பு சமயத்தில் கண்ணில் உமி, நெல் நுனி குத்திச் சிவந்து வருவார்கள். ஸ்டீராய்டு சொட்டு விட்டால் மறுநாளே சிவப்பு குறைந்து, ஆளும் சந்தோஷமாகப் போவார். உள்ளே பூஞ்சைப் புண் இருந்தால் அந்தச் சொட்டே அதை வளர்த்துவிடும். அட்டவணை எச்-சில் உள்ள மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. பார்வையை அளந்து எழுதி, கண்ணைக் கட்டாமல், கசக்க விடாமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அங்கே ஒரு போனும் போட்டுச் சொல்லிவிடுங்கள்.